தனபாக்கியம் பேரில் ஒரு ரிவால்வர்

எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் இந்த ஆண்டு மலர் போடுகிறார்கள். 'முதல் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் வந்து கேட்டார். புதிதாக லைசன்ஸ் வாங்குகிறவர்கள் எடை எவ்வளவு, குழல் எத்தனை அங்குலம், எந்த நாட்டில் செய்தது என்று மட்டும் விசாரிக்கிறார்களாம். திருச்சி கோட்டைப் பகுதியில் ஒரு துப்பாக்கிக் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் விற்பனையும் பழுது பார்ப்பதுமாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் என்னிடம் வந்தார். எழுத உட்கார்ந்தால், விற்ற அத்தனை துப்பாக்கிகளில் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் அந்தக் கடையில் சேர்ந்தேன். தொழிற்பள்ளியில் ஃபிட்டர் படிப்பு முடித்திருந்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை. வீடு ஸ்ரீரங்கத்தில். என் அம்மாவுக்கு இந்த வேலை கடைசிவரை பிடிக்கவில்லை. "பெருமாள் கையிலயும்தான் சக்கரம் இருக்கு. அவர் அதைக் கடை போட்டு விக்கலையேடா வரதா" என்பாள். சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் இரண்டு வருஷம் எண்ணெய் துடைப்பதிலும் அரம் போடுவதிலும் போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கடை முதலாளி மிக்கேல் சார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். தினமும் பாலக்கரை தேவாலயத்தில் காலைப் பூசை முடித்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிடிவாதக்காரர், ஒன்றைச் செய்யச் சொன்னால் காரணம் சொல்ல மாட்டார். வாங்க வருகிறவர் அவசரப்பட்டால், இவர் வேண்டுமென்றே மெதுவாகிவிடுவார்.

கடையில் ஒரு மேஜை. மேலே பச்சைக் கம்பளித் துணி. எதிர்ச் சுவரை ஒட்டி மணல் மூட்டைகள். துப்பாக்கி எதுவானாலும் குழல் அந்த மூட்டைகளைப் பார்த்தபடிதான் மேஜையில் வைக்கப்படும். முதலில் அவர் திறந்து பார்த்து "காலி" என்பார். பிறகு நான் பார்த்து "காலி" என்பேன். பிறகு வாங்க வந்தவரும் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போலீஸ் அதிகாரியானாலும் விதிவிலக்கு கிடையாது.

புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிஸ்டல்தான் கேட்பார்கள். தட்டையாக இருக்கும், சட்டைக்குள் தெரியாது. ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் அப்படிக் கேட்டு வந்தார். மிக்கேல் சார் வழக்கமான "காலி"யைச் சொல்லாமலே ஒரு பிஸ்டலை எடுத்து வைத்தார். தாசில்தார் அதன் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "காலி" என்றார். சார் அதை வாங்கி மேல் பகுதியைப் பின்னால் இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி, தாசில்தாரின் மடியில் விழுந்தது. அது மருந்தில்லாத பித்தளை டம்மி; இதற்கென்றே அவர் செய்து வைத்திருந்தது. தாசில்தார் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுல பேரன் இருக்கான்" என்றார். ரிவால்வர்தான் வாங்கிப் போனார். ரிவால்வரைத் திறந்தால் எல்லாத் துளைகளும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். முதல் கைத்துப்பாக்கிக்கு அதுதான் நல்லது என்பதில் சாருக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்தது பிடி. பல அளவில் ஆறு மரப்பிடிகள் கடைந்து வைத்திருந்தார். வாங்குகிறவர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல் நுனி தானாக விசைக்கு வர வேண்டும்; எட்டிப் பிடிக்கவும் கூடாது, மடங்கி நிற்கவும் கூடாது. "குழலை எல்லாரும் பாப்பாங்க. பிடியைப் பாருங்க" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. கடைசியாக மூன்று கேள்வி கேட்பார். எங்கே வைப்பீர்கள்? வீட்டில் யார் யார்? எப்போது எடுப்பீர்கள்? பதில் சரியில்லை என்றால் பதிவேட்டில் எழுதாமல் பேனாவை மூடிவிடுவார், விற்பனை கிடையாது.

ஆயுதச் சட்டம் புதிதாக மாறியிருந்த சமயம் அது. ஒரு காலை, உப்பிலியபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருவர் வந்தார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நெற்றியில் ஒன்றுமில்லை, வெள்ளைச் சேலை. பெயர் தனபாக்கியம். கூட வந்தவர் அவருடைய கொழுந்தன் துரைசாமி, இருபத்தைந்து வயதிருக்கும். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் தனபாக்கியத்தின் கணவரைப் பக்கத்து நிலத்துக்காரன் வெட்டிக் கொன்றிருந்தான். வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவன் ஜாமீனில் வெளியே வந்து அதே ஊரில் நடமாடினான். உயிருக்கு ஆபத்து என்று மனு போட்டு, கலெக்டர் ஆபீஸில் தனபாக்கியம் பேரில் ரிவால்வருக்கு லைசன்ஸ் கொடுத்திருந்தார்கள்.

பேச்செல்லாம் துரைசாமிதான். "போலீஸ்காரங்க வச்சிருக்காங்களே, அந்தப் பெருசு வேணும்."

"அது பொதுமக்களுக்குக் கிடையாதுங்க. சின்னத் தோட்டா, பாயிண்ட் முப்பத்திரண்டு ரகம்தான்" என்றார் சார்.

"அதுல ஆள் விழுவானா?"

மிக்கேல் சார் பெட்டகத்தைத் திறந்தார். ஒரு ரிவால்வரை எடுத்து, திறந்து, "காலி" என்றார். நானும் சொன்னேன். துரைசாமி கையை நீட்டினார். சார் துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"லைசன்ஸ்ல அம்மா பேருதான் இருக்கு. கூட எடுத்துட்டுப் போக அனுமதி உள்ளவங்க பேரை எழுத ஒரு இடம் இருக்கு. அதுல கோடு போட்டிருக்காங்க. நீங்க தொடக் கூடாது தம்பி. அப்படி பெஞ்சில உட்காருங்க."

தனபாக்கியம் மேஜைக்கு முன் வந்தார். மரப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். களை பறித்து, கிணற்றில் கவலை இறைத்துக் காய்ப்பேறிய கை. ஆனால் விரல்கள் குட்டை. நாலாவது பிடி சரியாக உட்கார்ந்தது. அதற்கேற்ற ரிவால்வரைச் சார் கொடுத்தார். அந்த அம்மாள் அதைத் திறந்து, உள்ளே பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் "காலி" என்றார். சார் கேள்விகளை ஆரம்பித்தார்.

"வீட்டுல எங்கம்மா வைப்பீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. தம்பிதான் வச்சுக்கும்."

சார் பேனாவை மூடினார். துரைசாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். "என் பேருல ஒரு அடிதடி கேஸ் இருக்குய்யா. எனக்கு லைசன்ஸ் குடுக்க மாட்டாங்க. அண்ணி பேருல வாங்குறோம், அவ்வளவுதான். இங்க இல்லேன்னா மெட்ராஸ் போயி வாங்கிக்கிறோம்."

"மெட்ராஸ் போங்க. அதுக்கு முன்னால எதிர்த்த கடையில ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார் சார். என்ன நினைத்தாரோ, துரைசாமி முறைத்துவிட்டு வெளியே போனார்.

"அம்மா, இந்தத் துப்பாக்கியால ஒரு உயிர் போனா, போலீஸ் முதல்ல உங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும். தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏம்மா?"

தனபாக்கியம் மேஜைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொன்னா, புருஷன் செத்ததுக்கு வருத்தப்படாதவன்னு சொல்லுவாங்கய்யா. அந்த வீட்டுலதானே நான் இருந்தாகணும்."

 திருப்பி அனுப்பினால் மெட்ராஸில் வேறொரு கடையில் காரியம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பது மிக்கேல் சாருக்குத் தெரியும். ஒரு வழி கண்டுபிடித்தார். ரிவால்வரை அந்த அம்மாள் பேரிலேயே பதிவு செய்வது. உடனே அதைக் கடையிலேயே பாதுகாப்பு டெபாசிட்டாக வாங்கி வைப்பது. வெளியூர் போகிறவர்கள் அப்படி வைப்பது வழக்கம், சட்டம் அனுமதித்ததுதான். திருப்பி எடுக்க அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் எங்கள் கடை வழக்கப்படி கல்குவாரியில் பன்னிரண்டு தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். "சுடத் தெரியாம தர மாட்டாங்களாம்னு வீட்டுல சொல்லுங்க" என்றார். தனபாக்கியம் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். துரைசாமி திரும்பி வந்து சத்தம் போட்டார். காகிதமெல்லாம் அதற்குள் முடிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து மிக்கேல் சாருக்கு மார்வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடையில் நான் தனியாக இருந்தேன். அதை எப்படியோ தெரிந்துகொண்டு துரைசாமி வந்தார். கையில் லைசன்ஸ் புத்தகம். கூடவே, 'துப்பாக்கியை என் கொழுந்தனாரிடம் ஒப்படைக்கவும்' என்று ஒரு கடிதம். கையெழுத்து தனபாக்கியத்தினுடையதுதான். எங்கள் பதிவேட்டில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"அவங்களே நேர்ல வரணுங்க" என்றேன்.

"கையெழுத்து இருக்குல்ல?"

"கையெழுத்து இருக்குங்க. அவங்க இல்லையே."

அவர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "நீ ஸ்ரீரங்கத்துல எந்தத் தெரு, எத்தனை மணிக்குப் பஸ் ஏறுறேன்னு எல்லாம் எனக்குத் தெரியும். உனக்கு அண்ணன் இருக்கானா?"

"இருக்கார்."

"அவனை வரப்புல போட்டு வெட்டியிருந்தா, நீ இப்படிப் பேசுவியா?"

நான் பதிவேட்டை மூடி வைத்தேன். பெட்டகத்தின் சாவியை எடுக்கவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு அவர் போய்விட்டார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாரிடம் சொன்னேன். "சரி" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தம்மா நேர்ல வந்து கேட்டா குடுத்துடு வரதா. அன்னைக்கே நான் திருப்பி அனுப்பியிருக்கணும். கெட்டிக்காரத்தனம் பண்றதா நினைச்சேன். அது இப்ப உன் தலையில விழுந்திருக்கு." அத்தனை வருஷத்தில் அவர் தன் தவறு என்று ஒன்றைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அடுத்த வாரம் தனபாக்கியம் நேரிலேயே வந்தார். துரைசாமியும் கூட வந்திருந்தார். லைசன்ஸ் செல்லுபடியாக இருந்தது. சட்டப்படி நான் மறுக்க ஒன்றுமில்லை. "குவாரியில சுட்டுக் காட்டணும்" என்றேன். மூன்று பேரும் ஜட்கா வண்டி பிடித்துப் போனோம்.

குவாரியின் பாறைச் சுவருக்கு முன்னால் அட்டையை நட்டேன். துரைசாமியைத் தூரத்தில் நிற்கச் சொன்னேன். எப்படி நிற்பது, சுட முடிவு செய்கிற வரைக்கும் விரலை விசைக்கு வெளியே நீட்டி வைப்பது, இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். முதல் வெடிக்குத் தனபாக்கியத்தின் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு அடுத்ததைச் சுட்டார். முதல் ஆறில் ஒன்றுகூட அட்டையில் படவில்லை. இரண்டாவது ஆறில் நாலு பட்டது. சுட்டு முடித்ததும் திறந்து, வெடித்த தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகளைக் கொட்டி, எல்லாத் துளைகளையும் பார்த்துவிட்டு "காலி" என்றார். இந்தத் தடவை பாறையில் எதிரொலித்தது.

துரைசாமி பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "குடுங்க அண்ணி."

"இல்ல தம்பி. இது எம் பேருல இருக்கு. எங்கிட்டதான் இருக்கும்."

"நீங்க வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

"எங்க அண்ணனைக் கொன்னவனை நீங்க சுடுவீங்களா?"

"உங்க அண்ணன்தான். எனக்குப் புருஷன்" என்றார் அவர். குரல் உயரவில்லை. துரைசாமி நீட்டிய கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார்.

நான் சாரின் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். "எப்ப எடுப்பீங்கம்மா?"

"தெரியலைங்க" என்றார். "பாதுகாப்புக்குத்தான்னு சொல்லிடலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரலை."

அந்தப் பதிலுக்குப் பேனாவை மூடியிருக்க வேண்டும். மிக்கேல் சார் நல்ல உடம்போடு அங்கே நின்றிருந்தால் மூடியிருப்பார். சுட்டது போதாது, இன்னொரு நாள் வாருங்கள் என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை நாளும் அடுத்தவர் பேச்சுக்குத் தலையாட்டிய ஒருவர் அன்று தனக்காகப் பேசியிருந்தார். அந்த நிமிஷத்தில் துப்பாக்கியை நான் திரும்ப வாங்கினால், அவர் பேசியதையும் சேர்த்து வாங்கிக்கொள்வது போலிருக்கும் என்று தோன்றியது. ஒரு துப்பாக்கியைக் கொடுக்க இது ஒரு காரணமே இல்லை. கொடுத்தேன். லைசன்ஸ் அனுமதித்த தோட்டாக்களையும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு காலையில் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பத்திரிகையின் மாவட்டச் செய்திகளை ஒரு வரி விடாமல் படித்து முடிக்கும் பழக்கம் வந்தது. கொலைச் செய்தி என்றாலே ஊர்ப் பெயரைத் தேடுவேன். மிக்கேல் சார் பிழைத்துக் கடைக்கு வந்தார். ஆனால் பழைய ஆள் இல்லை. அவ்வப்போது, "உப்பிலியபுரம் பக்கம் ஏதாவது தகவல் உண்டா?" என்பார். "இல்ல சார்" என்பேன். இருவரும் வேலையைப் பார்ப்போம். அடுத்த வருஷம் அவர் காலமானார். அதுவரை தகவல் எதுவும் வரவில்லை.

அவர் போன சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை. பத்திரிகையில் நாலு வரி. 'எப்போது' என்று அவருக்கே தெரியாமல் இருந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் தனபாக்கியம் அம்மாள் தனியாகக் கடைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து ரிவால்வரையும் தோட்டாப் பெட்டியையும் எடுத்து மேஜையில் வைத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். தோட்டாக்கள் அத்தனையும் இருந்தன.

"இதை நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு வேணாம்" என்றார்.

"என்னம்மா நடந்தது?"

"தீர்ப்பு வந்த மறுநாளோ அதுக்கும் மறுநாளோ, கிணத்து மேட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். அவன் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு எதிர்த்தாப்ல வந்தான். கூட யாருமில்லை. பத்தடிதான் இருக்கும். இடுப்புல இருந்தது. எடுத்து நீட்டிட்டேங்க."

நான் தோட்டாப் பெட்டியை மூடினேன்.

"அவன் ஓடலை. கயித்தை விட்டுட்டுச் சும்மா நின்னான். அவன் சட்டையில ஒரு பித்தான் இல்லை. அந்த இடத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். என் கை நடுங்கவே இல்லைங்க. எனக்கு அதுதான் பயமாப் போச்சு. இவ்வளவு லேசா இருக்கேன்னு."

"அப்புறம்?"

"மாட்டை ஓட்டிட்டுப் போன்னு சொன்னேன். போயிட்டான்."

துரைசாமியைப் பற்றிக் கேட்டேன். திருவெறும்பூர் பக்கம் புதிதாகக் கட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து போகிறாராம். "அண்ணின்னு இன்னும் கூப்பிடலை. வந்து சாப்பிட்டுட்டுப் போகுது" என்றார்.

மிக்கேல் சாரைப் பார்க்க வேண்டும் என்றார். காலமாகிவிட்டதைச் சொன்னேன். பச்சைத் துணியைக் கையால் நீவிவிட்டார்.

நான் கொடுத்தது சரி என்று இதைக் கேட்டபோதுகூட எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை. ஒருவன் உயிரோடு மாட்டை ஓட்டிப் போனதற்குக் காரணம் அந்த அம்மாள். அதில் என் பங்கு எதுவுமில்லை. அதன் பிறகு, 'எப்போது எடுப்பீர்கள்' என்ற கேள்விக்குத் 'தெரியாது' என்றவர்கள் யாருக்கும் நான் விற்கவில்லை. அப்படி உண்மையைச் சொன்னவர்களும் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

லைசன்ஸை ஒப்படைக்க அன்றே அவரைக் கலெக்டர் ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். ஆயுதப் பிரிவு குமாஸ்தா படிவத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஒப்படைப்பதற்கான காரணம் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"வேணாம்னு எழுதுங்க" என்றார் தனபாக்கியம் அம்மாள்.

"ஏன் வேணாம்னு மேல கேப்பாங்கம்மா. போன வருஷம்தானே ஆபத்துன்னு மனுப் போட்டு வாங்குனீங்க?"

"ஆபத்துன்னே எழுதுங்க."

"யாரால ஆபத்து?"

"என்னாலதான்."

குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். 'உரிமதாரரின் சொந்த விருப்பம்' என்று எழுதி, படிவத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். தனபாக்கியம் அம்மாள் மேஜைமேல் குனிந்து, அவசரமில்லாமல், தன் பெயரை முழுதாக எழுதினார்.